அடைபட்ட வாசலும் திறந்த வாசலும்
– உமறுப் புலவர் வாழ்வு தரும் படிப்பினை –

 



கடற்கரையில் வாழும் நமக்கு ஒன்று நன்கு தெரியும். மாலையில் கண்ணாடிபோல் கிடந்த கடல் விடிவதற்குள் மலையாக எழுந்து நிற்கக்கூடும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடி என்னும் ஊரே அலைகளுக்கு இரையானது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியும் அதிலிருந்த மக்களோடு கடலில் மூழ்கியது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி தமிழகக் கரையெங்கும் குடும்பங்களைச் சிதறடித்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொடுநோய் பரவியபோது பள்ளிவாசல்களின் கதவுகள் சாத்தப்பட்டன. அவ்வாண்டு ரமளானில் தராவீஹ் தொழுகையை நாம் வீடுகளில் நிறைவேற்றினோம். மனிதன் ஒரு கணக்குப் போடுகின்றான். அல்லாஹ்வின் நாட்டமோ வேறொன்றாக இருக்கின்றது.

அவ்வாறு வாழ்க்கை எதிர்பாராமல் திரும்பும்போது ஒரு முஃமினின் உள்ளம் என்ன செய்ய வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கீழக்கரையின் மண்ணோடும் பள்ளியோடும் தொடர்புடைய ஒரு பெரியாரின் வாழ்விலேயே அவ்விடை இருக்கின்றது. சீறாப்புராணம் என்னும் பெருங்காப்பியத்தைத் தமிழுக்குத் தந்த உமறுப் புலவர் (ரஹ்) அவர்களே அப்பெரியார். அன்னாரின் பெயரை அறியாதார் நம்முள் இலர். ஆனால் அக்காப்பியம் பிறப்பதற்கு முன் எத்தனை வாசல்கள் அடைபட்டன, அவை எவ்வாறு திறந்தன என்பதைப் பலரும் அறிந்திலர்.

பிறப்பும் இளமையும்

உமறுப் புலவரின் தந்தையார் செய்கு முஹம்மது அலியார் என்பவர். செய்கு முதலியார் என்றும் அவரை அழைத்தனர். நறுமணப் பொருள்களை விற்பது அவர்தம் தொழில். நாகலாபுரத்தில் வாழ்ந்த அக்குடும்பம் பின்னர் எட்டயபுரத்தில் குடியேறியது. புலவர் பிறந்தது 1642ஆம் ஆண்டு என்பது பெரும்பாலோர் கூறும் கணக்கு.

அத்தர் விற்கும் வணிகரின் மகன் அத்தர் விற்பவராகவே ஆகியிருக்கலாம். ஆனால் சிறுவர் உமறுவின் நாட்டம் தமிழின் பக்கம் சென்றது. எட்டயபுரம் அரண்மனையில் அவைப்புலவராக விளங்கிய கடிகைமுத்துப் புலவரிடம் அவர் மாணாக்கராகச் சேர்ந்தார். ஆசிரியர் இந்து சமயத்தவர், மாணாக்கர் முஸ்லிம். கல்வியைக் கொடுத்தவருக்கும் கொண்டவருக்கும் இடையே அந்த வேறுபாடு தடையாக நிற்கவில்லை. இலக்கணத்தையும் காப்பியங்களையும் ஐயந்திரிபறக் கற்றார் உமறு.

அவருடைய பதினாறாவது வயதில் நிகழ்ந்ததாக ஒரு செய்தியை முன்னோர் சொல்லி வந்துள்ளனர். வாலை வாருதி என்னும் வடநாட்டுப் புலவர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று புலவர்களை வாதில் வென்று வந்தாராம். எட்டயபுரம் அவைக்கும் அவர் வந்து சேர்ந்தார். அவரை எதிர்கொள்வது எவ்வாறு என்று ஆசிரியரே கலங்கிய வேளையில், இளம் மாணாக்கரான உமறு முன்வந்து வாதிட்டு வென்றார் என்பது அச்செய்தி. அன்றுவரை ஆசிரியரின் ஏட்டைச் சுமந்து சென்ற பிள்ளையை அவ்வெற்றி அரசவையோர் அறிந்த புலவராக்கிற்று. காலப்போக்கில் அவர் எட்டயபுரத்தின் அவைப்புலவராகவும் அமர்ந்தார். பட்டாடையும் பொன்னணியும் மாலை மரியாதைகளும் அவரைத் தேடி வந்தன.

இத்துடன் அவர் வாழ்வு முடிந்திருக்குமாயின், பாளையக்காரர்களைப் புகழ்ந்து பாடிய எத்தனையோ புலவர்களுள் ஒருவராக அவரும் மறக்கப்பட்டிருப்பார். அல்லாஹ்வின் நாட்டமோ வேறாக இருந்தது.

வள்ளல் விடுத்த அழைப்பு

அக்காலத்தில் கிழவன் சேதுபதி மறவர் சீமையை ஆண்டு வந்தார். போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்குத் தலைநகரை மாற்றிய மன்னர் அவரே. அவருக்கு உற்ற துணையாகவும் ஆலோசகராகவும் விளங்கியவர் கீழக்கரையின் பெருவணிகரான செய்கு அப்துல் காதிர் என்னும் பெரியதம்பி மரைக்காயர். சீதக்காதி என்று நாடு போற்றும் வள்ளல் அவரே. அவருடைய மரக்கலங்கள் பல துறைமுகங்களுக்குச் சென்று வந்தன. பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்கு அவர் சோறிட்டதைப் புலவர்கள் பாடினர். இறந்த பின்னும் கொடுத்தவர் என்ற பெயர் அவருக்கு இன்றளவும் மக்கள் நாவில் நிலைத்திருக்கின்றது. கீழக்கரையில் கருங்கல்லில் தமிழகச் சிற்ப முறைப்படி எழுந்து நிற்கும் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலோடு அன்னாரின் பெயர் இணைந்து நிற்பதை நாம் அறிவோம்.

வள்ளலின் உள்ளத்தில் ஒரு குறை இருந்து வந்தது. தமிழ்நாட்டு மக்கள் காப்பியங்களைப் பாடக் கேட்டுப் பழகியவர்கள். கம்பர் பாடிய காப்பியம் போன்றவை ஊர்தோறும் படிக்கப்பட்டு, பொருள் சொல்லப்பட்டு வந்தன. ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாறோ அரபுக் கிதாபுகளில் இருந்தது. அதனை ஆலிம்கள் அறிவர். பாய்மரம் ஏற்றுபவரும் சங்கு குளிப்பவரும் நெசவு நெய்பவரும் வீட்டிலிருக்கும் பெண்டிரும் அறிய வழி குறைவாக இருந்தது. தமிழ் ஒன்றையே அறிந்த இம்மக்கள் தம் நபியின் வாழ்வைத் தம் மொழியில், தாம் விரும்பும் காப்பிய வடிவில் கேட்க வேண்டாமா? இந்த எண்ணத்தினால் வள்ளல் உமறுப் புலவரிடம் அப்பணியை ஒப்படைத்தார். மன்னர்களைப் பாடிய நாவுக்கு மாநபியைப் பாடும் பேறு கிட்டியது. புலவர் மனமுவந்து ஏற்றார்.

அடைபட்ட வாசல்

ஆனால் ஒரு பெருந்தடை இருந்தது. புலவர் தமிழில் கரை கண்டவர். ஸீரத் கலையில் அவ்வாறல்லர். நபி வரலாற்றைக் கற்பனையால் பாட இயலாது. எது ஆதாரமுள்ளது, எது ஆதாரமற்றது என்று பிரித்துச் சொல்ல வல்ல ஆலிம் ஒருவர் உரை கொடுத்தால்தான் பாட்டு எழ முடியும். அத்தகுதி வாய்ந்தவராக அன்று கீழக்கரையில் விளங்கியவர் இமாம் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள். காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, அங்கேயே அடங்கியிருக்கும் அம்மகான் அரபு மொழியில் நபிப் புகழ் பாடிய பெரும் புலவருமாவார். வள்ளலின் சொற்படி உமறு அவர்களை நாடிச் சென்றார்.

சென்ற புலவரை இமாம் அவர்கள் ஏறிட்டுப் பார்த்தார்கள். அரசவைப் புலவருக்குரிய ஆடையும் அணியும் பூண்ட கோலம்; மார்க்கப் பேணுதலைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லாத தோற்றம். இத்தகையவரிடம் நாயகத்தின் வரலாற்றை எவ்வாறு ஒப்படைப்பது என்று எண்ணி உரை வழங்க மறுத்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகின்றது.

அவர்களின் மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. நபி (ஸல்) அவர்களைப் பற்றிப் பேசுவது விளையாட்டன்று. நபியின் பெயரால் பொய்யுரைப்பது எத்துணைப் பெரும்பாவம் என்பதை அறிந்த ஆலிம் அஞ்சத்தான் செய்வார். ஆயினும் புலவரின் நிலையையும் சற்று எண்ணிப் பாருங்கள். அரண்மனைகளில் எழுந்து நின்று வரவேற்கப்பட்டவர் அவர். தம் மார்க்கத்திற்காக ஒரு நற்பணி செய்ய முதன்முதலாக வந்த இடத்தில் வாசல் சாத்தப்பட்டது. அவர் சினங்கொண்டு திரும்பியிருக்கலாம். எட்டயபுரத்தில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. வள்ளலிடம் முறையிட்டு, அவரது செல்வாக்கைக் கொண்டு இமாமை நெருக்கவும் முயன்றிருக்கலாம்.

அவர் அவ்விரண்டையும் செய்யவில்லை. பள்ளிவாசலுக்குச் சென்றார். தம் தகுதிக் குறைவை எண்ணி அழுதார். மனிதரிடம் சொல்ல வேண்டிய முறையீட்டை இறைவனிடம் வைத்தார். புகழின் உச்சியில் இருந்தவர் வெறுங்கையராய் அல்லாஹ்வின் முன் நின்றார். எனது எளிய கருத்தில், சீறாப்புராணம் பிறந்த இடம் அதுவே.

கனவும் திறப்பும்

துயரத்தோடு கண்ணயர்ந்த புலவர் கனவில் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டார் என்றும், இமாம் ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களும் புலவருக்கு உதவுமாறு கனவில் பணிக்கப்பட்டார்கள் என்றும் நம் முன்னோர் வழிவழியாகக் கூறி வந்துள்ளனர். கனவைக் கொண்டு மார்க்கச் சட்டம் எடுப்பதில்லை என்பதை ஆலிம்கள் தெளிவாகச் சொல்லியுள்ளனர். அதே வேளையில், நல்ல கனவு முஃமினுக்கு நற்செய்தி என்பதும் ஹதீஸ்களில் வந்துள்ள உண்மையே.

இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று இமாம் பூஸிரி (ரஹ்) அவர்களின் வரலாற்றிலும் உண்டு. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டில் வாழ்ந்த அவர்களும் அரசர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பாட்டெழுதியவர்களே. பாரிச வாயுவினால் உடலில் ஒரு பாதி செயலிழந்து படுக்கையில் விழுந்தபோது, நாயகத்தின் மீது ஒரு புகழ்ப்பாவை இயற்றினார்கள். கனவில் நாயகம் (ஸல்) அவர்கள் தம் போர்வையை அவர்கள் மீது போர்த்தினார்கள் என்றும், விழித்தபோது நோய் நீங்கியிருந்தது என்றும் வரலாறு. நம் ஊர்களில் ஓதப்படும் கஸீதத்துல் புர்தா அவ்வாறு தோன்றியதேயாகும். முடங்கிய உடலிலிருந்து ஒரு பாட்டும், மறுக்கப்பட்ட வாசலிலிருந்து ஒரு காப்பியமும் தோன்றியது அல்லாஹ்வின் வியத்தகு ஏற்பாடன்றோ!

இமாம் அவர்கள் தம் முடிவை மாற்றிக்கொண்டார்கள். புலவருக்கு வழிகாட்டினார்கள், பரங்கிப்பேட்டையிலிருந்த ஆலிம் ஒருவரிடம் அனுப்பி, உரை பெறவும் ஏற்பாடு செய்தார்கள். புலவரும் தம்மை மறுத்த பெரியாரிடம் மனக்கசப்புக் கொள்ளவில்லை. தம் காப்பியத்தின் தொடக்கத்தில் அவர்களை நன்றியோடு நினைவு கூர்ந்துள்ளார். மறுத்தவரும் மாறினார், மறுக்கப்பட்டவரும் பொறுத்தார். இருவரில் எவரேனும் ஒருவர் தம் நிலையிலேயே பிடிவாதமாக நின்றிருப்பின் சீறா நமக்குக் கிடைத்திராது.

இரண்டாம் சோதனை

பணி நடந்துகொண்டிருந்தது. நூல் நிறைவெய்துவதற்கு முன்னர் வள்ளல் சீதக்காதி இறைவனடி சேர்ந்தார். அச்சு இயந்திரம் இல்லாத அக்காலத்தில் ஒரு புலவர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து ஓலையில் காப்பியம் எழுத வேண்டுமாயின், அவருடைய வீட்டில் அடுப்பெரியச் செய்யும் புரவலர் ஒருவர் இருந்தேயாக வேண்டும். அந்தத் துணை நடுவழியில் அற்றுப்போயிற்று. கரை தெரியாத கடலில் பாய்மரம் முறிந்த கலத்தின் நிலை அது.

அவ்வேளையில் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்தார். வள்ளல் தொடங்கி வைத்த பணி வள்ளலோடு முடிந்துவிடலாகாது என்று கருதிப் புலவரை ஆதரித்தார். புலவர் அந்நன்றியை மறக்காமல் நூலின் பல இடங்களில் அபுல் காசிமைப் போற்றியுள்ளார். வள்ளலின் மீது கொண்ட அன்பைச் சீதக்காதி நொண்டி நாடகம் என்னும் நூலால் காட்டினார். முதுமொழி மாலை என்பதும் அன்னார் இயற்றிய நபிப் புகழ் நூலேயாகும்.

சீறாவில் காணும் வியப்பு

சீறத் என்னும் அரபுச் சொல்லே தமிழில் சீறா என வழங்கிற்று. இக்காப்பியம் மூன்று காண்டங்களை உடையது. விலாதத்துக் காண்டத்தில் 24 படலங்களும், நுபுவ்வத்துக் காண்டத்தில் 21 படலங்களும், ஹிஜ்ரத்துக் காண்டத்தில் 47 படலங்களுமாக மொத்தம் 92 படலங்கள். பாடல்கள் 5000க்கும் மேற்பட்டவை. மக்காவையும் மதீனாவையும் கண்டிராத புலவர், அரபு நாட்டைப் பாடும்போது ஆறும் வயலும் சோலையும் சூழ்ந்த தமிழ்நாடாகவே அதனைப் பாடினார். தமிழ் மக்கள் தம் நாயகத்தை அயலாராகக் காணாமல், தம் வயல் வரப்பில் நடந்து வரும் உறவினராகக் கண்டனர்.

எதிர்பாராத திருப்பமும் அதில் வெளிப்படும் இறையருளும் இக்காப்பியமெங்கும் காணக்கிடைக்கின்றன. தம் பெயரையே உடைய ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஈமான் கொண்ட வரலாற்றைப் புலவர் ஒரு தனிப் படலமாகப் பாடியுள்ளார். நாயகத்தைக் கொல்வதற்கு வாளேந்திப் புறப்பட்டவர், வழியில் தம் சகோதரியின் இல்லத்தில் இறைவசனத்தைக் கேட்டு உள்ளம் உருகி, அந்நாளிலேயே நாயகத்தின் தோழராகிவிட்டார். காலையில் புறப்பட்ட உமர் வேறு; வீடு திரும்பிய உமர் வேறு.

மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நம்மில் பலர் இருப்பர். வேடனின் வலையில் சிக்கிய பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதற்கு நாயகம் (ஸல்) அவர்களே பிணை நிற்கின்றார்கள். சென்ற மான் தப்பியோடாமல் கன்றையும் உடனழைத்துத் திரும்பி வருகின்றது. அதைக் கண்ட வேடன் ஈமான் கொள்கின்றான். இந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆராய்ந்து பேசியுள்ளனர். அது தனியே கற்க வேண்டிய பகுதி. புலவர் நம் உள்ளத்தில் பதிக்க விரும்பியது வேறொன்று. உலகத்தாருக்கெல்லாம் ரஹ்மத்தாக வந்த நபி, வாயற்ற ஓர் உயிரின் கண்ணீரையும் கடந்து செல்லவில்லை என்பதே அது. வாசலில் நின்று அழுத அனுபவம் உடைய புலவருக்கு அம்மானின் நிலை நன்கு விளங்கியிருக்கும்.

முற்றுப்பெறாத நூல்

சீறாப்புராணம் நாயகத்தின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்கவில்லை. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டளவில் நிகழ்ந்த உறனிக் கூட்டத்தாரின் வரலாற்றோடு அது நின்றுவிடுகின்றது. மக்கா வெற்றியும் இறுதி ஹஜ்ஜும் வஃபாத்தும் அதில் இல்லை. எஞ்சிய வரலாற்றைப் பின்னர் பனீ அஹ்மது மரைக்காயர் பாடினார். சின்னச் சீறா என்று அது பெயர் பெற்றது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்கினார்.

உமறுப் புலவர் 1703ஆம் ஆண்டில் மறைந்ததாகக் கணக்கிடுவர். எட்டயபுரத்தில் அன்னாரின் அடக்கத்தலம் இருக்கின்றது. நூலோ அதன் பின்னும் நெடுங்காலம் ஓலைச் சுவடிகளிலேயே வாழ்ந்தது. செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர் பல சுவடிகளைத் திரட்டி, 1842ஆம் ஆண்டில் அதனை அச்சேற்றினார். புலவர் மறைந்து ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய உழைப்பு நூல் வடிவம் பெற்றது. தம் நூல் அச்சாகும் என்பதோ, பிற்காலப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள் என்பதோ அன்னாருக்குத் தெரியாது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பகுதியைச் செய்தார். பலனை ஒப்படைத்தவனிடமே விட்டார்.

நமக்குரிய படிப்பினை

ஜமாஅத்தார்களே! இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை நம் மஹல்லாவின் நடைமுறைக்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: சோதனை வந்தவர்களுக்கு உரியது. கடலில் படகு பறிபோனவரும், வளைகுடா நாட்டில் வேலையிழந்து பெட்டியோடு திரும்பியவரும், நோயினால் தொழிலை விட்டவரும் நம்முள் இருக்கின்றனர். நேற்றைய மரியாதை இன்று இல்லையே என்ற வேதனை பசியினும் கொடியது. உமறுப் புலவர் அவ்வேதனையைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு வந்தார். நீங்களும் கொண்டு வாருங்கள். கஷ்டத்தோடு இலேசும் இருக்கின்றது என்று வாக்களித்தவன் வாக்கு மாறாதவன்.

இரண்டாவது: வாசலில் நிற்பவர்களுக்கு உரியது. பல ஆண்டுகள் தொழாதிருந்த இளைஞன் ஒருநாள் பள்ளிக்கு வருகின்றான். தலையில் தொப்பி இல்லை. உடுப்பு நாகரிக உடுப்பு. முன் வரிசையிலிருந்து ஒரு கடுஞ்சொல் புறப்படுகின்றது. அவன் மறுபடி வருவதில்லை. ஒழுங்கைக் கற்பிப்பது நம் கடமையே. ஆனால் கற்பிக்கும் முன் அவனை உள்ளே அமரச் செய்ய வேண்டும். கல்விக்கடலான ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களே ஒரு மனிதரின் தோற்றத்தைக் கொண்டு எடுத்த முடிவை மாற்றிக்கொண்டார்கள் என்னும்போது, நாம் மாற்றிக்கொள்வதில் என்ன தாழ்வு வந்துவிடப் போகின்றது? நாம் திருப்பி அனுப்பும் பிள்ளைகளுள் இன்னொரு உமறு இருக்க மாட்டார் என்று எவரால் சொல்ல முடியும்?

மூன்றாவது: வசதி படைத்தவர்களுக்கு உரியது. ஓர் ஏழை மாணவனின் படிப்பையோ, மதரஸாவின் ஒரு செலவையோ ஏற்று நடத்தி வந்தவர் மரணித்து விடுகின்றார். அல்லது வியாபாரத்தில் நொடிந்து விடுகின்றார். அத்தோடு அந்தப் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடுகின்றது. சீதக்காதியாக இருப்பது எல்லோராலும் இயலாது. ஆனால் அவர் விட்டுச் சென்றதைத் தொடர்ந்து நடத்தும் அபுல் காசிமாக இருப்பது பலராலும் இயலும். நின்றுபோன உதவிகள் எவை எவை என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து, அவற்றை ஏற்பவர்களைத் தேடுவதை ஜமாஅத் நிர்வாகம் தன் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளுமாயின், அது பெரும் ஸதக்கத்துல் ஜாரியாவாக அமையும்.

யா அல்லாஹ்! மாறும் காலங்களில் மாறாத ஈமானை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் வாசல்களை நாடி வருபவர்களை விரட்டாத உள்ளத்தைத் தருவாயாக! உமறுப் புலவர், ஸதக்கத்துல்லாஹ் அப்பா, வள்ளல் சீதக்காதி, அபுல் காசிம் மரைக்காயர் ஆகியோரின் நற்பணிகளை ஏற்று, அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! கடலுக்குச் சென்றவர்களையும் அயல்நாடு சென்றவர்களையும் நலமுடன் வீடு சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.